மண்ணு சூடேறட்டும், அப்புறம் நடலாம்

ஏப்ரல் மாசத்துல தக்காளி நாத்து விக்கிறவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது.

முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பதிவை எழுத உக்காந்ததே அந்தக் கோவத்துலதான். (போகப் போக சந்தோஷமும் வரும். எங்க வீட்டுப் பூண்டு முளைச்சிருச்சு!)

நான் இருக்கிறது ஸ்கார்பரோ. டொராண்டோவோட கிழக்குப் பக்கம். எங்க தெருவுல நம்மாளுங்க வீடு நிறைய. இந்த வாரம் சேர்ந்தாப்ல ரெண்டு மூணு நாள் நல்ல வெயில். அவ்வளவுதான், கடை வாசல்ல தக்காளி, கத்தரி, குடமிளகாய்னு வரிசையா நாத்து வந்து உக்காந்துருச்சு. புதுசா வீடு வாங்கி, முதல் தடவையா கொல்லைப்பக்கம்னு ஒண்ணு கிடைச்சவங்க ஆசை ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. ஒரு சின்னப் பொண்ணு ரெண்டு கத்தரி நாத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அம்மா பின்னாடியே போச்சு. அதை இப்ப வெளிய நட்டா பிழைக்காது. அந்தப் புள்ளைக்கு அது தெரியாது. விக்கிறவங்களுக்குத் தெரியும்.

நாத்து செத்தா சில பேர் மே கடைசில மறுபடி வந்து வாங்குவாங்க. கடைக்கு நஷ்டம் இல்ல. ஆனா நிறைய பேர் மறுபடி வர மாட்டாங்க. "நமக்குத் தோட்டமெல்லாம் கைவராதுங்க"ன்னு விட்டுடுவாங்க.

அதுதான் என்னால தாங்க முடியல. கை நல்ல கைதான். தேதிதான் தப்பு.

சரி, இந்தக் குளிர்காலம் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம். 2025 பிப்ரவரி நடுவுல அடுத்தடுத்து ரெண்டு பனிப்புயல். சில நாளுக்குள்ள அரை மீட்டர் அளவுக்குப் பனி. நடைபாதை எங்க, புல்தரை எங்கன்னு தெரியல. மாநகராட்சி லாரி வச்சு அள்ளி முடிக்கவே வாரக்கணக்காச்சு. மார்ச் கடைசில வடக்க ஒரில்லியா, பீட்டர்பரோ பக்கம் உறைமழை. விழுந்த தண்ணி விழுந்த இடத்துலயே ஐஸாகி, அந்த பாரம் தாங்காம மரமெல்லாம் முறிஞ்சு, லட்சக்கணக்கான வீட்டுல கரண்டு போச்சு.

அப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவங்களுக்கு வெயிலப் பார்த்ததும் மண்ணைத் தொடணும்னு கை பரபரக்கும். பரபரக்கணும்!

அந்தக் கைக்கு ஏப்ரல்லயே வேலை இருக்கு. நிறைய இருக்கு. அது தக்காளி இல்ல, அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நம்ம உடம்பு பார்க்கிறது காத்தோட சூட்டை. விதை பார்க்கிறது மண்ணோட சூட்டை. ரெண்டும் ஒண்ணு கிடையாது.

நேத்து மத்தியானம் வெளிய 17 டிகிரி. ஸ்வெட்டரைக் கழட்டிட்டு நின்னேன். கூடவே சமையலறைத் தெர்மாமீட்டரை (கறி வெந்துச்சான்னு குத்திப் பார்ப்போமே, அது) மண்ணுக்குள்ள 10 சென்டிமீட்டர் இறக்கிப் பார்த்தேன். 8 டிகிரி! இன்னிக்குக் காலையில அதுக்கும் கீழ. குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த மண்ணு, அதுவும் பனி உருகின தண்ணியக் குடிச்சுட்டு ஈரமா இருக்கிற களிமண்ணு, ரெண்டு நாள் வெயிலுக்கெல்லாம் சூடாகாது. மண்ணுல இருக்கிற தண்ணி சூடேற நேரம் எடுக்கும். ஸ்கார்பரோல பல இடத்துல களிமண்ணுதான், அதனால இன்னும் மெதுவா ஆகும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரங்க. அவங்களுக்குத் தெர்மாமீட்டரே வேணாம். குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில கொஞ்ச நேரம் வச்சிருப்பாங்க. "உனக்குக் கை குளிருதெண்டா விதைக்கும் குளிரும் பிள்ளை, இப்ப வைக்காதை"ம்பாங்க. நான் எத்தனையோ தடவை தெர்மாமீட்டர் வச்சு சரிபார்த்துட்டேன். ஒரு தடவை கூட அவங்க கை பொய் சொன்னதில்ல.

எந்த விதைக்கு எவ்வளவு சூடு வேணும்? என் குளிர்சாதனப்பெட்டிக் கதவுல ஒட்டி வச்சிருக்கிறது இதுதான்:

பாலக், பட்டாணி: மண்ணு 5 டிகிரியத் தாண்டினாலே மெதுவா முளைக்க ஆரம்பிச்சுடும்.
முள்ளங்கி, கடுகுக்கீரை, கொத்தமல்லி, வெந்தயம்: 8, 10 இருந்தா சந்தோஷமா வரும்.
தக்காளி: மண்ணு 15ஆவது வேணும்.
வெண்டை, கத்தரி, புடலை, பாகல், பயத்தங்காய்: 18க்குக் கீழ கிட்டயே போகாதீங்க. 20 இருந்தா ரொம்ப நல்லது.

வெண்டை விதையக் குளிர்ந்த ஈரமண்ணுல போட்டா அது "கொஞ்சம் லேட்டா முளைக்கிறேன்"னு காத்திருக்காது. அழுகிடும். கத்தரி நாத்து 10 டிகிரிக்குக் கீழ சில ராத்திரி நின்னா, சாகலன்னாலும் முடங்கிடும். அப்புறம் ஜூன்ல வெயில் வந்தாலும் வளர மனசு வராது அதுக்கு.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. விதைப் பாக்கெட், செடி லேபிள்ல எல்லாம் ஒரு மண்டல எண் போட்டிருப்பாங்க. "எங்க ஏரியா மண்டலத்துக்கு இது சரியா வருமா?"ன்னு கேக்கிறாங்க. ரோஜா, பேரி மரம், பெர்ரி புதர்னு வருஷக்கணக்கா நிக்கிற செடிக்கு அந்த எண் முக்கியம். இந்தக் குளிர்காலத்தை அது தாங்குமான்னு சொல்ற எண் அது. ஒரே சீசன்ல காய்ச்சு முடிக்கிற வெண்டைக்கும் தக்காளிக்கும் அதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. அதுங்களுக்கு வேண்டியது ரெண்டே தேதி. கடைசி உறைபனி எப்ப, அடுத்த முதல் உறைபனி எப்ப.

டொராண்டோல கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் பாதிக்குள்ள முடிஞ்சுடும். ஏரிப் பக்கம் கொஞ்சம் முன்னாடி, உள்ள தள்ளிப் போகப் போக கொஞ்சம் லேட்டு. அதனாலதான் இங்க பழைய ஆளுங்க எல்லாரும் விக்டோரியா தின வாரக்கடைசியக் கணக்கு வச்சிருக்காங்க. மே 25க்கு முன்னாடி வர்ற திங்கக்கிழமை. 2025ல அது மே 19.

நம்ம ஊர்ல ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவோம். இங்க ஆடி மாசம் வெண்டை விதைச்சா காய் பறிக்க நேரமே இருக்காது, அக்டோபர்ல முதல் உறைபனி வந்து நிக்கும். சித்திரை ஒண்ணாம் தேதி விதைக்கலாம்னா சில வருஷம் அன்னிக்கே பனி பெய்யுது! வைகாசிதான் இங்க நம்ம பட்டம். மாசம் வேறன்னாலும் அந்தப் பழமொழி சொல்ற விஷயம் ஒண்ணுதான். பட்டம் பார்த்துச் செய்.

சரி, வைகாசி வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காரணுமா? கூடவே கூடாது. வாங்க, தோட்டத்தைச் சுத்திப் பார்ப்போம்.

முதல் வேலை, யார் யார் உயிரோட இருக்காங்கன்னு பார்க்கிறது. காஞ்சு போன குச்சியா நிக்கிற ரோஜாவையும் பெர்ரியையும் பார்த்த உடனே வெட்டிடாதீங்க. நகத்தால பட்டையை லேசாக் கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா, வறண்டு இருந்தா அந்த இடம் போச்சு. கொஞ்சம் கீழ இறங்கி மறுபடி கீறுங்க. பச்சை எங்க ஆரம்பிக்குதோ அதுக்கு மேல வெட்டினாப் போதும். (எங்க ரோஜா நுனி முழுக்கக் காஞ்சிருந்துச்சு. அடியில பச்சை! கத்தியே விட்டேன்.)

அடுத்தது பூண்டு. போன அக்டோபர்ல பல்லு பல்லாப் பிரிச்சு, நாலு விரல் ஆழத்துல நட்டு, மேல காஞ்ச இலைய மூடி விட்டது. கடுங்குளிர் ராத்திரியெல்லாம் மண்ணுக்குள்ளதான் இருந்துச்சு. இப்ப விரல் நீளத்துக்குப் பச்சையா நிக்குது, ஒண்ணு கூடப் பாழாகல! அந்த அரை மீட்டர் பனிதான் காரணம். பனி ஒரு நல்ல போர்வை. மேல காத்து எவ்வளவு உறைஞ்சாலும் அடியில மண்ணை அவ்வளவு குளிர விடாது. பனியே இல்லாத வெறும் குளிர்தான் வேருக்கு ஆபத்து.

பூண்டுக்கு அந்தக் குளிர் வேணும் கூட. கொஞ்ச காலம் குளிர்ல கிடந்தாத்தான் ஒத்தைப் பூண்டா நிக்காம பல்லு பல்லாப் பிரியும். நான் நட்டது மியூசிக்னு ஒரு வகை. ஒன்ராறியோவுல புகையிலை விவசாயம் பண்ணிட்டிருந்த ஆல் மியூசிக்ங்கிறவர் 1980கள்ல இத்தாலியில இருந்து கொண்டுவந்து பரப்பினது. குளிருக்கு அசையாது. ஜூன்ல நடுவுல இருந்து சுருண்டு சுருண்டு ஒரு தண்டு வரும், அதை ஒடிச்சு முட்டையோட வதக்கிப் பாருங்க. ஜூலைல பூண்டு. இந்த அக்டோபர்ல மறக்காம நடுங்க, ப்ளீஸ். ஒரே ஒரு வேலையத்தான் இந்த வருஷம் செய்ய முடியும்னா அது இதுவா இருக்கட்டும்.

மூணாவது, உப்பு. நடைபாதை, கார் நிறுத்துற இடத்துல குளிர்காலம் முழுக்க உப்பு போட்டிருப்போம். அந்தப் பனியைத் தள்ளிக் குவிச்ச ஓரத்துல உப்பு மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். சோடியம் ஏறினா களிமண்ணு இறுகிடும், தண்ணி உள்ள போகாது. அந்த ஓரத்துல இந்த வருஷம் காய்கறி வேணாம். நல்ல மழை சில தடவை அலசி விடட்டும்.

நாலாவது, இலை. போன இலையுதிர்காலத்து இலைக் குப்பைய இப்பவே கூட்டித் தள்ளிட்டு சுத்தமாக்கணும்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள நிறைய பூச்சிங்க குளிர்காலம் முழுக்க ஒளிஞ்சிருக்கும், பட்டாம்பூச்சி, பம்பிள்பீ ராணி எல்லாம் சேர்த்துதான். பகல் சூடு தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல நிலைச்சதும் எடுங்க. ஜூலைல புடலம்பூவையும் பாகல்பூவையும் தேடி யாராவது வரணும் இல்லையா? அவங்கள இப்பக் குப்பைப் பையில கட்டித் தெருவுல வைக்கக் கூடாது.

அஞ்சாவது, ரொம்ப முக்கியம். ஈர மண்ணைக் கொத்தாதீங்க.

ஒரு பிடி எடுத்து, கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி பிடிங்க. விரலால தட்டுங்க. உதிர்ந்தா கொத்தலாம். அப்படியே உருண்டையா நின்னா இன்னும் சில நாள் விடுங்க. ஈரக் களிமண்ணை மிதிச்சுக் கொத்தினா அது காஞ்சு செங்கல்லா நிக்கும், வருஷம் முழுக்க அது கூடத்தான் சண்டை போடணும். குளிர்காலம் செஞ்சு குடுத்த ஒரு பெரிய உதவியையும் கெடுத்துடுவோம். மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு விரியும், உருகிச் சுருங்கும், மறுபடி உறையும். இப்படியே மாறி மாறி நடந்து பெரிய களிக்கட்டியெல்லாம் பொடிஞ்சு கிடக்கு. கடுங்குளிர் நமக்கு இலவசமா உழுது குடுத்திருக்கு!

இப்ப விதைப்புக்கு வரேன். இது சந்தோஷமான பகுதி.

அஞ்சறைப் பெட்டியத் திறங்க. வெந்தயம் இருக்கா? போதும். ஏப்ரல் தோட்டம் ஆரம்பிச்சாச்சு.

கடைக்குப் போகவே வேணாம். சமையலுக்கு வாங்குற முழு வெந்தயம் நல்லாவே முளைக்கும். ஒரு பக்கம் ராத்திரி முழுக்க ஊற வச்ச வெந்தயம், இன்னொரு பக்கம் அப்படியே காஞ்ச வெந்தயம்னு பிரிச்சுத் தூவிப் பார்த்தேன். ஊற வச்சது சில நாள் முன்னாடியே தலை நீட்டிடுச்சு. அடுத்ததா ஒரு பாதிய ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியால மூடி வச்சேன், ராத்திரி மட்டும். மூடின பாதி இன்னும் வேகம்! மூடிக்குள்ள தெர்மாமீட்டர் குத்தினா மண்ணே ரெண்டு டிகிரி கூடுதலாக் காட்டுது. அந்த ரெண்டு டிகிரிக்கு ஏப்ரல்ல அவ்வளவு மதிப்பு.

கொத்தமல்லிய உருட்டுக்கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடைச்சுப் போடுங்க. நாம ஒரு விதைன்னு நினைக்கிற அந்தக் காய்க்குள்ள ரெண்டு விதை இருக்கு. கொத்தமல்லிக்கு இதுதான் சரியான காலம். ஜூன் கடைசி வெயிலும் நீளப் பகலும் வந்தா இலை விடுறத நிறுத்திட்டு நேரா பூவுக்குப் போயிடும். ஜூன்ல கட்டுக் கட்டாப் பறிக்கணும்னா இப்பத் தூவினாத்தான் உண்டு.

கடுகையும் அப்படியே ஒரு கை அள்ளித் தூவுங்க. இளசாப் பறிச்சு பருப்போட கடைஞ்சா, ஆகா.

முள்ளங்கி (சின்ன சிவப்பு வகை) நாலஞ்சு வாரத்துல கைக்கு வரும். குழந்தைங்க இருக்கிற வீட்டுல கண்டிப்பா இதைப் போடுங்க. அந்தக் கத்தரி நாத்துப் பொண்ணுக்கு யாராவது ஒரு பாக்கெட் முள்ளங்கி விதை வாங்கிக் குடுத்திருந்தா, மே கடைசில அவளே பிடுங்கித் தின்னுருப்பா.

பட்டாணி எப்ப? தெருவுல பாருங்க, இலையே வராம கிளை முழுக்க மஞ்சளாப் பூத்து ஒரு புதர் நிக்கும். ஃபோர்சித்தியா. அது பூத்தா பட்டாணி ஊனலாம்னு இங்க ஒரு பழைய கணக்கு. இன்னிக்கு எங்க தெருமுனையில பூத்திருக்கு. அதே கணக்குல, ஊதா லைலக் நல்லா மலர்ந்தா பீன்ஸ் போடலாம். அது மே பின்பாதி. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தச் செடிங்களும் அதே வெயில்லதானே நிக்குது, அந்த வருஷத்துச் சூட்டைப் பார்த்துத்தான் பூக்குது.

டொராண்டோ ஹை பார்க்ல செர்ரி பூத்துடுச்சுன்னு (1959ல டோக்கியோ மக்கள் பரிசாக் குடுத்த மரங்கள் அது) ஊரே படம் பிடிக்கப் போகும். போங்க, பாருங்க, அவ்வளவு அழகு. வர்ற வழியில தக்காளி நாத்து மட்டும் வாங்காதீங்க!

இடம் எவ்வளவு வேணும்னு கேப்பீங்க. முதல் வருஷத்துக்கு 4 அடிக்கு 4 அடி ஒரு பாத்தி. அதுக்கு மேல வேணாம். நாலு பக்கமும் நின்னு கை நீட்டினா நடுவரைக்கும் எட்டும், உள்ள மிதிக்கவே வேண்டியதில்ல. பலகை அடிச்சு ஒரு அடி உயரம் தூக்கிட்டா, தரையை விடச் சீக்கிரம் தண்ணி வடியும், சீக்கிரம் சூடாகும். வசந்தத்துல ஒரு வாரமாவது முன்னாடி விதைக்கலாம்.

மண்ணுக் கணக்கு: 4க்கு 4க்கு 1, மொத்தம் 16 கன அடி. ஒரு கன அடிங்கிறது சுமாரா 28 லிட்டர். அந்த அளவுப் பை வாங்கினா 16 பை. கார்ல ஏத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. மாநகராட்சி வசந்தத்துல இலைமக்கு உரம் இலவசமாக் குடுக்குற நாள் வரும், விசாரிச்சு வச்சுக்கிட்டு வாளியோட போங்க. மூணுல ஒரு பங்கு அதையே கலக்கலாம். ஆழமாத் தோண்டுற எண்ணம் இருந்தா, தோண்டுறதுக்கு முன்னாடி ஒன்ராறியோ ஒன் கால்ங்கிற சேவைல சொல்லி வச்சுடுங்க. கேஸ் குழாய், கரண்டு வயர் எங்க போகுதுன்னு வந்து குறிச்சுக் குடுப்பாங்க. காசு கிடையாது.

பால்கனி மட்டும்தான் இருக்கா? அடியில ஓட்டை போட்ட 20 லிட்டர் வாளி ஒண்ணுல ஒரு கத்தரிச் செடி தாராளமாக் காய்க்கும். வெந்தயத்துக்கு ஒரு ஆழமில்லாத தட்டே போதும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மேல ஆசை இருக்கிறவங்களுக்கும் இப்ப வேலை இருக்கு, வீட்டுக்குள்ள. விக்டோரியா தினத்துல இருந்து பின்னோக்கி எண்ணுங்க. மிளகாய், கத்தரி 8ல இருந்து 10 வாரம். தக்காளி 6ல இருந்து 8 வாரம். மார்ச்லயே போட்டவங்க வீட்டுல இப்ப நாத்து நிக்கும். போடாதவங்க இனிமே விதை போட வேணாம், மே கடைசில நல்ல நாத்தா வாங்கிக்கலாம்.

வீட்டு நாத்து நெடுநெடுன்னு வளர்ந்து சாயுதா? வெளிச்சம் போதல. ஜன்னல் ஓரத்துல ஒரு தட்டு, சாதாரண எல்இடி குழல் விளக்குக்குக் கீழ ஒரு தட்டுன்னு ஒரே நாள் விதைச்ச தக்காளிய வச்சுப் பார்த்தேன். விளக்கு நாத்துக்கு நாலு விரல் உயரத்துல, தினம் 14, 16 மணி நேரம். ஜன்னல் நாத்து உயரம், ஆனா தண்டு நூலு. விளக்கு நாத்து குட்டை, தண்டு பென்சில் கனம். தண்ணிய மேல ஊத்தாம தட்டுல ஊத்தி அடியில இருந்து குடிக்க விடுங்க, சின்ன ஃபேன் ஒண்ணு ஓடட்டும். நாத்து அடித்தண்டு அழுகி விழுறது பெருமளவு குறையும்.

நம்ம ஊர் விதை பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஊருக்குப் போன சொந்தக்காரங்க அவரை விதை குடுத்திருப்பாங்க. இங்க போட்டா கொடி வேலி தாண்டி ஓடும், இலையெல்லாம் அவ்வளவு செழிப்பு. பூ மட்டும் வராது. செப்டம்பர்லதான் மொட்டு விடும், அதுக்குள்ள குளிர் வந்துடும். உரம் காரணம் இல்ல. பகல் நீளம்தான் காரணம். நம்ம ஊர்ப் பழைய அவரை வகை பலதுக்கும் பகல் குறைஞ்சாத்தான் பூக்கத் தோணும். சென்னையில வருஷத்தோட நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தாண்டாது. இங்க ஜூன்ல பதினஞ்சரை மணி நேரம்!

வெங்காயத்துக்கு அப்படியே தலைகீழ். நம்ம ஊர் வகைக்குப் பகல் 12 மணி நேரம் தொட்டாலே கிழங்கு கட்ட ஆரம்பிச்சுடும். இங்க இப்பவே பகல் கிட்டத்தட்ட 14 மணி நேரம். செடி வளரவே நேரம் குடுக்காம குட்டியாக் கட்டிடும். அதனால வெங்காயத் தாளுக்கு மட்டும் அதை வச்சுக்கலாம், கிழங்கு வேணும்னா இந்த ஊர் வகை வாங்குங்க. உள்ளூர் விதை தேடுறவங்களுக்கு விதைச் சனிக்கிழமை சந்தை நல்ல இடம். 1990ல வான்கூவர்ல ஷேரன் ரெம்பெல்ங்கிறவங்க ஆரம்பிச்சது, இப்ப கனடாவுல பல ஊர்ல நடக்குது. பிப்ரவரி, மார்ச்ல வரும், அடுத்த வருஷத்துக்கு நாள்காட்டியில குறிச்சுக்கோங்க.

இனி மே கதை.

நாத்தை நேரா வீட்டுக்குள்ள இருந்து எடுத்துப் பாத்தியில நடக்கூடாது. முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் கொஞ்சம் காலை வெயில்னு ஒரு வாரம், பத்து நாள் பழக்கணும். நட்டதுக்கு அப்புறம் ஒரு ராத்திரி திடீர்னு குளிர் அறிவிச்சா, பழைய வேட்டியோ பருத்திப் போர்வையோ எடுத்து, குச்சி ஊனி, தரை வரைக்கும் தொங்குற மாதிரி மூடுங்க. மண்ணோட சூடு உள்ளயே தங்கும். காலையில எடுத்துடணும். (எங்க வீட்டுல எட்டு முழ வேட்டி ஒண்ணு இதுக்குன்னே இருக்கு. ஒரு பாத்தி முழுக்க மூடுது!) கறிவேப்பிலைத் தொட்டியையும் முருங்கைத் தொட்டியையும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போறது நிக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளயே வச்சிருங்க.

வெண்டைய ஜூன் தொடக்கத்துல நேரா மண்ணுல ஊனுங்க. அதுக்கு வேர் அசைஞ்சா பிடிக்காது. ஆகஸ்ட்ல தினமும் பறிக்கலாம். புடலைக்குச் சாயங்காலம் பூ விரியும், அந்துப்பூச்சி வரலன்னா நீங்களே ஆண் பூவை எடுத்துப் பெண் பூவுல தொட்டு விடுங்க. தண்டுக்கீரை விதை கிடைக்கலையா? கரீபியன் கடையில காலலூன்னு கேளுங்க, அதுவும் நம்ம தண்டுக்கீரைக் குடும்பம்தான். ஜூலைல பாத்தி ஓரத்துல பருப்புக்கீரை தானா முளைச்சு வரும். களைன்னு பிடுங்கிப் போடாதீங்க, பாசிப்பருப்போட சமைச்சுடுங்க.

அணில், முயல் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. இங்கத்த அணில் புதுசாக் கிளறின மண்ணைப் பார்த்தா தோண்டாமப் போகாது. விதைச்ச அன்னிக்கே பாத்தி மேல கோழிவலைய விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வச்சுடுங்க, முளை ரெண்டு விரல் உயரம் வந்ததும் எடுத்துடலாம். முயலுக்கு ரெண்டு அடி வலை சுத்தி அடிச்சா போதும், அடிப்பக்கம் மண்ணுல புதைஞ்சிருக்கணும்.

கடைசியா, கடைக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல்ல நாத்து விக்கணுமா, வித்துக்கோங்க. பக்கத்துலயே ஒரு பலகை வைங்க: "மே கடைசி வரை வீட்டுக்குள்ள வைக்கவும்." ஒரே ஒரு வரி. அதை வச்சா எத்தனையோ பேர் தோட்டக்காரங்களா மாறுவாங்க, வருஷா வருஷம் உங்க கடைக்கே வருவாங்க.

உங்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் சின்னது. நாளைக்குக் காலையில ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடிச்சுப் பாருங்க. உதிர்ந்தா அன்னிக்கு ராத்திரியே வெந்தயத்தை ஊறப் போடுங்க. தெருவுல யாராவது தக்காளி நாத்தோட போனா நிறுத்தி, இந்த விஷயத்தைச் சொல்லி, கூடவே ஒரு கை வெந்தயமும் குடுத்து அனுப்புங்க.